ஏழாவது ஆளும் எழுபதாயிரம் பேரும்

கண்டி நகரத்து ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்த நகரத்துக்குக் காப்பிப் பணத்தைத் தேடித் தந்த தமிழர்களின் சாவுக்கு ஒரு கல்கூட இல்லை.

1856-ல் இலங்கையில் ஒரு காட்டு யானை, ஜான் ஸ்பாட்டிஸ்வுட் ராபர்ட்சன் என்ற ஐரோப்பியரைக் கொன்றது. அவர் புதைக்கப்பட்ட இடம் இன்றும் கண்டியில் இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்குத் தவறாமல் சொல்லப்படும் தகவல் ஒன்று உண்டு. இலங்கையில் காட்டு யானையால் கொல்லப்பட்டதாகப் பதிவாகியுள்ள ஐரோப்பியர்களில் ராபர்ட்சன் ஏழாமவர். கடைசி ஆளும் அவர்தான். ஏழு பேர் என்று யாரோ பொறுப்பாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.

ராபர்ட்சன் இறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1849-ல், கொழும்பிலிருந்து வெளிவந்த ‘அப்சர்வர்’ பத்திரிகை வேறொரு சாவுக் கணக்கைப் போட்டது. காப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் 1841 முதல் 1848 வரை இறந்தவர்கள் சுமார் 70,000 பேர் என்று அது மதிப்பிட்டது. வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். இது பெயர் பெயராக எண்ணி எடுத்த கணக்கு அல்ல. வந்தவர்கள் இத்தனை, திரும்பிப் போனவர்கள் இத்தனை, தோட்டங்களில் இருப்பவர்கள் இத்தனை என்று கூட்டிக் கழித்து வந்த மீதி. கணக்கில் விடுபட்டு ஊர் திரும்பியவர்களும் இருந்திருக்கலாம் என்பதால் எண்ணிக்கையைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சாவு ஆயிரக்கணக்கில் நிகழ்ந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

யானை மிதித்த ஏழு பேருக்குத் துல்லியமான கணக்கு. காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்த பல்லாயிரம் பேருக்கு உத்தேசக் கணக்கு. கண்டியின் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

புத்தரின் பல் இருப்பதாக நம்பப்படும் தலதா மாளிகைக்கும், அதையடுத்த அருங்காட்சியகத்துக்கும் பின்னால் மேட்டில் ஏறும் பாதையில் இருக்கிறது இந்தத் தோட்டம். கீழே ஏரி, கோயில் மேளம், சுற்றுலாக் கும்பல். மேலே மரநிழல், வெட்டிவிடப்பட்ட புல், சரிவில் அங்கங்கே தூண்களும் படுக்கைக் கற்களும். ஆண், பெண், குழந்தை என 195 பேர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இவர்களில் முதுமையைக் கண்டவர்கள் மிகக் குறைவு. மலேரியா, காலரா, வயிற்றுக்கடுப்பு ஆகிய மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு கொண்டுபோயிருக்கின்றன.

கண்டி ராஜ்யம் 1815-ல்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதுவரை போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று ஐரோப்பிய வல்லரசுகளையும் மலைகளை வைத்தே சமாளித்த ராஜ்யம் அது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் தமிழகத் தொடர்புள்ள நாயக்கர் வம்சத்தைச் சேர்ந்தவன். பட்டத்துக்கு வரும் முன் அவன் பெயர் கண்ணுசாமி. சிங்களப் பிரபுக்களுக்கும் அவனுக்கும் இருந்த பகையை ஊதிப் பெரிதாக்கி, ஒரு பெரிய போர் இல்லாமலேயே ராஜ்யத்தை வசப்படுத்திய மூளை ஜான் டாய்லி என்ற அதிகாரியுடையது. கேம்பிரிட்ஜில் படித்தவர். பிக்குகளிடம் சிங்களம் கற்று, அந்த மொழியிலேயே ஒற்றர்களை நடத்தியவர். கண்டி வீழ்ந்த பிறகு அங்கேயே ரெசிடென்ட் பதவியில் அமர்ந்தார். 1824-ல் காய்ச்சலில் இறந்தார். இந்தக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளவர்களில் வரலாற்றில் மிகப் பெரிய பெயர் அவருடையதுதான்.

அவர் பதவி இறக்கிய மன்னன் எங்கே இருக்கிறான்? வேலூரில். 1816-ல் குடும்பத்தோடு கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 16 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து 1832 ஜனவரி 30-ல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் புதைக்கப்பட்ட இடத்தில் தமிழக அரசு 1990-ல் முத்து மண்டபம் கட்டியது. வேலூர்வாசிகள் பலருக்கு அது பேருந்தில் கடந்துபோகும் ஒரு நிறுத்தம். கண்டியின் மன்னன் பாலாற்றங்கரையில் கிடக்க, அவனைப் பிடித்துக்கொடுத்தவர் கண்டியில், அவனுடைய அரண்மனைக்கு மேலே உள்ள மேட்டில் படுத்திருக்கிறார். காலனியாட்சி எதை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பதை இந்த இரண்டு கல்லறைகளும் வேறு விளக்கம் இல்லாமலே சொல்லிவிடுகின்றன.

தோட்டத்தின் மற்றக் கதைகள் வினோதமானவை. டேவிட் ஃபின்ட்லே 1861-ல், வசித்துவந்த வீடே தன் மேல் இடிந்து விழுந்து இறந்தார். வில்லியம் வாட்சன் மேக்வுட் 1867-ல் குதிரையிலிருந்து இறங்கும்போது நட்டு வைத்திருந்த ஒரு முளைக்குச்சி குத்தி இறந்தார். ஒருவர் வெயில் தாக்கி மாண்டார். 1873-ல் கவர்னர் வில்லியம் கிரெகரியின் மனைவி எலிசபெத் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். கொழும்பு அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்த அதே கிரெகரி பிற்பாடு மறுமணம் செய்துகொண்ட பெண்மணிதான், டப்ளினில் அபே நாடக அரங்கை உருவாக்கியவர்களில் ஒருவரான புகழ்பெற்ற லேடி கிரெகரி. இப்படி ஒவ்வொரு கல்லையும் தொட்டால் ஒரு கிளைக்கதை விரிகிறது.

இவற்றில் நின்று யோசிக்க வைக்கும் கதை கேப்டன் ஜேம்ஸ் மக்லாஷனுடையது. நெப்போலியனின் படைகளுக்கு எதிராகப் புசாக்கோ, அல்புவேரா, விட்டோரியா என்று ஐபீரியத் தீபகற்பம் முழுவதும் போரிட்டு உயிர் பிழைத்தவர். 1815-ல் வாட்டர்லூவிலும் இருந்தார். அங்கும் சாவு அவரைத் தொடவில்லை. 1817-ல் திருகோணமலையிலிருந்து கண்டிக்குக் காட்டு வழியாக நடந்து வந்தார். விடாத மழை, இடுப்பளவுத் தண்ணீர் ஓடும் ஆறுகள். எச்சரிக்கையை மதிக்காமல் ஈர உடையோடு தூங்கினார். காட்டுக் காய்ச்சல் கண்டது. நெப்போலியனால் முடியாததை இலங்கையின் வறண்ட மண்டலக் காடு சில நாட்களில் முடித்துவிட்டது.

அன்று அந்தக் காய்ச்சலுக்கு ஈரத்தையும் கெட்ட காற்றையும் காரணம் சொன்னார்கள். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-ல். அதற்கு முன்பு அந்தக் காட்டைக் கடப்பது என்பது திருவுளச் சீட்டு எடுப்பது போலத்தான்.

மக்லாஷன் ஒரு தடவை நடந்து செத்தார். அவர் காலத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, அதே வகைக் காட்டை லட்சக்கணக்கான தமிழர்கள் நடந்தே கடந்தார்கள்.

1820-களில் கண்டிக்குத் தெற்கே கம்பளைப் பக்கத்தில் காப்பி பயிரிடத் தொடங்கினார்கள். ஜார்ஜ் பேர்ட் என்ற தோட்டக்காரரும் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸும் இதில் முன்னோடிகள். 1840-களில் அது பெரும் மோகமாயிற்று. கவர்னரிலிருந்து கீழ்நிலை அதிகாரி வரை எல்லோரும் காட்டை வாங்கி வெட்டினார்கள். சொந்த நிலம் வைத்திருந்த கண்டிச் சிங்கள விவசாயி கூலி வேலைக்கு வர விரும்பவில்லை. கடல் தாண்டினால் பஞ்சத்தில் வாடும் தமிழ் மாவட்டங்கள் இருந்தன. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். பெருவாரியானவர்கள் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்றவர்கள்.

ஊரிலிருந்து கடற்கரை வரை நடை. பிறகு மன்னாருக்குத் தோணி. மன்னாரிலிருந்து அனுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு மறுபடியும் நடை. மேலே மலையேறினால்தான் தோட்டம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை சுமார் 250 கிலோமீட்டர். வழியில் கிணறு கிடையாது, சத்திரம் கிடையாது, வைத்தியம் கிடையாது. காப்பி பறிக்கும் காலத்துக்குப் போய், பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவது அப்போது வழக்கமாக இருந்ததால், பலர் இந்தப் பாதையைத் திரும்பத் திரும்ப நடந்தார்கள். நடக்க முடியாமல் விழுந்தவர்களை உடன் வந்தவர்கள் அப்படியே விட்டுப் போக நேர்ந்தது. நின்றால் மற்றவர்களுக்கும் கஞ்சி இல்லை. வழிச் செலவு முழுவதும் கங்காணியின் கடன் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. சில பத்தாண்டுகள் கழித்து அரசாங்கம் பாதையில் தங்குமிடங்களையும் கிணறுகளையும் ஏற்படுத்தியது. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தால் தோட்டத்துக்கு ஆள் கிடைக்காது என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம்.

கண்டியின் கல்லறைத் தோட்டத்தில் காப்பித் தோட்ட துரைமார்களும் அவர்களுடைய மனைவி மக்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய காட்டை வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள், மூட்டை சுமந்தவர்கள் ஒருவரும் இல்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அது ஆங்கிலேயர்களுக்கான கல்லறை. கேள்வி, இவர்களுக்கான கல்லறை எங்கே என்பதுதான்.

பிணத்தோடு கதை முடிந்துவிடவில்லை. கல்லில் பெயர் வெட்டுவது சென்டிமென்ட் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் 1948-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கை சுதந்திரம் பெற்ற அந்த ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், வம்சாவளியாகக் குடிமகன் ஆக விரும்புகிறவரிடம் ஆதாரம் கேட்டது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். சட்டத்தின் வாசகத்தில் தமிழர் என்ற சொல் இல்லை. அது தேவையும் இல்லை. லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்தவரின் பேரன் எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுவான்? தோட்டத்து செக்ரோலில் அவன் தாத்தாவுக்குப் பெயர் இருந்தால் அது வேலை நாளுக்கான பெயர். பிறந்த நாளுக்கோ இறந்த நாளுக்கோ எழுதப்பட்டது அல்ல.

கண்டித் தோட்டத்தில் புதைக்கப்பட்ட ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்கு அப்பன் பெயர் உண்டு, தேதி உண்டு, கல் உண்டு. மலையில் மூன்று தலைமுறை உழைத்த ஒரு குடும்பத்துக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் உடன்பாடு செய்துகொண்டபோது 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படி ‘தாயகம் திரும்பியவர்கள்’ இன்று நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும், தென் கன்னடத்தில் சுள்ளியா, புத்தூர் ரப்பர்த் தோட்டங்களிலும் பேரன் பேத்திகளோடு இருக்கிறார்கள். இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களின் நாடற்ற நிலைக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்க 2003-ல் ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டது.

ஒரு மனிதர் ஒரு மண்ணில் இருந்தார் என்பதற்கு அவருடைய கல்லறையைவிட எளிய சாட்சி கிடையாது. படிக்காதவர்கூட அதைக் காட்டி, ‘இதோ என் தாத்தா’ என்று சொல்லலாம். அந்தச் சாட்சி அழிந்தபோது வாரிசுகளின் உரிமையும் சேர்ந்து ஆட்டம் கண்டது என்பதுதான் மலையகத்தின் அனுபவம்.

இதற்காகக் கண்டியின் பழைய கல்லறைகள் மீது கோபப்படுவதில் பயனில்லை. அதில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் யாருடைய நாட்டையும் பிடிக்க வராத பெண்களும் குழந்தைகளும் சாதாரணச் சிப்பாய்களும்தான். மாறாக, அந்தக் கல்லறைகள் எப்படிக் காப்பாற்றப்பட்டன என்பதைக் கற்றுக்கொள்வது புத்திசாலித்தனம்.

அவை தானாகப் பிழைக்கவில்லை. நகராட்சி எல்லைக்குள் புதைக்கக் கூடாது என்ற தடையால் 1870-களில் தோட்டம் மூடப்பட்டது. ஏற்கெனவே அங்கே உறவினர்கள் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கின்படி கடைசி அடக்கம் 1951-ல் நடந்தது. கண்டியின் மற்றவர்கள் மஹையாவ மயானத்துக்குப் போனார்கள். லூல்கந்துரவில் 1867-ல் முதன்முதலாக வணிக ரீதியில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1892-ல் இறந்தபோது அங்கேதான் புதைக்கப்பட்டார். 1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பியை அடியோடு அழித்தது. தேயிலை வந்தது. காப்பி துரைமார்களின் பழைய கல்லறைகளில் செடி மண்டியது. கற்கள் சாய்ந்தன.

ஆனால் ஒரு முக்கியமான வேலை அதற்கிடையே நடந்திருந்தது. இலங்கை சிவில் சர்வீஸைச் சேர்ந்த பென்ரி லூயிஸ், தீவு முழுவதிலும் உள்ள ஐரோப்பியக் கல்லறை வாசகங்களைத் திரட்டி, ஒவ்வொருவரையும் பற்றிக் கிடைத்த செய்திகளோடு 1913-ல் ஒரு பெரிய பட்டியலாக வெளியிட்டார். சென்னை மாகாணத்துக்கு ஜூலியன் காட்டன் 1905-ல் இதே வேலையைச் செய்திருந்தார். கற்கள் சிதைந்தாலும் பெயர்கள் காகிதத்தில் பிழைத்தன. 1970-களில் தியோன் வில்கின்சன் என்பவரின் முயற்சியால், தெற்காசியாவில் உள்ள பழைய ஐரோப்பியக் கல்லறைகளுக்காக லண்டனில் ஒரு சங்கமே ஏற்பட்டது. கண்டித் தோட்டம் 1998-ல் நன்கொடைகளால் சீரமைக்கப்பட்டது. இலங்கையின் சுதந்திரப் பொன்விழா ஆண்டு அது. மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டதற்கும் அது ஐம்பதாவது ஆண்டுதான். அந்த நினைவுக்கு யாரும் நன்கொடை திரட்டவில்லை.

ஆக, நினைவுக்கு வேண்டியவை மூன்று. ஒரு பட்டியல், அக்கறையுள்ள பத்துப் பேர், புல் வெட்டக் கொஞ்சம் பணம். இதில் முதலாவதுதான் கடினம்.

மற்ற இடங்களில் என்ன நிலைமை? கண்டியிலேயே இரண்டாம் உலகப் போர்க்கால மயானம் ஒன்றும் இருக்கிறது. 203 பேர். ஆங்கிலேயர், இந்தியர், இலங்கையர், கிழக்கு ஆப்பிரிக்கர் எல்லோரும் அதில் உண்டு. பதவி, இனம், மதம் பார்க்காமல் அனைவருக்கும் சமமான நினைவுச் சின்னம் என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. ஆனால் அந்தக் கொள்கையும் எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள், சுமைகூலிகள் ஆகியோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டுகள் தாமதம்தான். ஆனாலும் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். தேடினால் பெயர்கள் கிடைக்கும் என்பதற்கு இது ஆதாரம்.

நம் ஊர்களும் இந்த விஷயத்தில் மேல் என்று சொல்ல முடியாது. பெங்களூரை எடுத்துக்கொள்ளலாம். 1791-ல் திப்புவின் பெங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டு மாண்ட ஆங்கிலப் படையினரின் நினைவாக நகரத்தில் ஓர் உயர்ந்த தூண் இருந்தது. 1964-ல் மாநகராட்சி அதை இடித்தது. அடிமைச் சின்னம் போகட்டும் என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் 1809-ல் உருவான தண்டு எனப்படும் ராணுவப் பகுதியைக் கட்டி எழுப்பிய தமிழர்களுக்கு அதற்குப் பதிலாக ஏதாவது வைத்தார்களா? படையோடு வந்த சமையல்காரர், குதிரைக்காரர், கொத்தனார், தோட்டி ஆகியோரின் சந்ததிகள் அல்சூரிலும் அதையடுத்த மர்பி டவுனிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். மர்பி டவுனின் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. போன பெயரும் ஒரு துரையின் பெயர், வந்த பெயரும் ஒரு துரையின் பெயர். அங்கே குடியிருந்தவர்களின் பெயரில் எதுவும் வரவில்லை. பக்கத்தில் கல்பள்ளியில் உள்ள மயானத்தில்தான் அந்த வட்டாரத்துப் பெயர்கள் இருக்கின்றன. கல்லறைத் திருநாளன்று கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அந்த வட்டாரத்தின் எழுதப்படாத வரலாறு ஒரு நாள் மட்டும் வெளிச்சம் பெறுகிறது. நகரங்களில் இடநெருக்கடியால் பழைய குழியைத் திறந்தே புதியவர்களைப் புதைக்க வேண்டியிருக்கும் காலம் இது. இன்று குறித்து வைக்காத பெயர் நாளைக்குக் கிடைக்காது.

மன்னார்ப் பாதையில் குறித்து வைக்க இனி என்ன மிச்சம் என்று கேட்கலாம். இருக்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் குடிபெயர்வு பற்றிய அரசாங்கக் கோப்புகள் தூங்குகின்றன. பாதையின் எந்தெந்த ஊரில் தங்கினார்கள் என்பது தெரியும். சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் அலைந்து திரட்டிய மலையக நாட்டார் பாடல்களில் கங்காணியும் துரையும் வழிப்பயணமும் பதிவாகியிருக்கிறார்கள். தோட்டங்களின் ஓரத்தில் உள்ள மயானங்கள் இன்னமும் பயன்பாட்டில் இருக்கின்றன. அங்கேயுள்ள முதியவர்களுக்குத் தாத்தா பெயரும், தமிழகத்தில் பூர்விக ஊரின் பெயரும் நினைவிருக்கின்றன. இவற்றையெல்லாம் கோத்து லூயிஸ் போட்டதைப் போல ஒரு பட்டியல் போட யாரும் இதுவரை பெரிய அளவில் முனையவில்லை. 70,000 பெயரும் கிடைக்கப்போவதில்லை. 700 கிடைத்தாலும் அது இன்று இருப்பதைவிட 700 அதிகம்.

பெயர் கிடைக்காவிட்டால் இடத்தையாவது குறிக்கலாம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, அவர்கள் தங்கிய ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று மொழியில் ஒரு கல். ‘இந்த வழியாக நடந்தார்கள், இங்கே சிலர் நின்றுவிட்டார்கள்’ என்ற அளவில் எழுதினால் போதும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கண்டியில் புல் வெட்ட ஆகும் செலவை ஏற்றவர்களைப் போன்ற சிலர் போதும். அவர்களில் சிலராவது இந்தக் கரையிலிருந்து வரலாம். போனவர்கள் இங்கிருந்து போனவர்கள்தானே.

மலையகத்தில் சிலர் கல்லுக்குக் காத்திருக்காமல் காலால் அந்தப் பாதையை எழுதிப் பார்த்தார்கள். மலையகத் தமிழர்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, 2023 ஜூலை 28-ல் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. அன்று நடந்தவர்களின் வாரிசுகளோடு, மற்றச் சமூகத்தவர்களும் சேர்ந்து நடந்தார்கள். நிலம், வீடு, சமமான குடிமகன் என்ற மரியாதை ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பலருக்கு முகவரி லயம்தான் என்பதால் அந்தக் கோரிக்கைகள் பழையதாகிவிடவில்லை. 16-ஆம் நாளில், ஆகஸ்ட் 12-ல், மாத்தளையை அடைந்தார்கள்.